இரண்டாம் பக்கத்தில் நாற்பத்து மூன்று

வெள்ளிக்கிழமை காலை எட்டே கால் மணிக்குச் சிறைத்துறையிலிருந்து வந்த தாளில் நாலு லட்சத்து அறுபத்து நாலாயிரத்து நானூறு டாலர் என்று போட்டிருந்தது. மார்லா ஆஸ்ட்பி காபிக் கோப்பையை வாய் வரைக்கும் கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தாள்.

அவளுக்கு மாநிலச் சட்டமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகத்தில் வேலை. உறுப்பினர் யாராவது மசோதா கொண்டுவந்தால், அது சட்டமானால் அரசுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று இரண்டு பக்கத்தில் செலவுக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அது நல்ல மசோதாவா, கெட்ட மசோதாவா என்று வாயால் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. பன்னிரண்டு வருடமாக இப்படி முகத்தை வைத்துக்கொண்டதில், வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அவள் அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று கணவன் டேல் புலம்புவான்.

இன்றைக்குக் கையில் இருந்தது 214ஆம் எண் மசோதா. அடுத்தவர் குளிப்பதையும் உடை மாற்றுவதையும் ஒளிந்து பார்க்கிறவனுக்கும் படம் பிடிக்கிறவனுக்கும் இப்போது தண்டனை அதிகம் போனால் ஆறு மாதம், முந்நூறு டாலர் அபராதம். சட்டப் புத்தகத்தில் அதற்குப் பெயர் சிறு குற்றம். எவனுக்குச் சிறியது என்று அந்தப் புத்தகத்தை எழுதினவர்களைத்தான் கேட்க வேண்டும். மசோதா அந்தப் பெயரில் கை வைக்கவில்லை. தண்டனையை மட்டும் ஓராண்டு, ஆயிரம் டாலர் என்று ஏற்றச் சொன்னது.

ஆறு மாதம் வரைக்கும் மாவட்டச் சிறை பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மாநிலச் சிறை, மாநிலத்தின் செலவு. சிறைத்துறை அங்கிருந்துதான் கணக்குப் போட்டிருந்தது. போன வருடம் தண்டனை பெற்றவர்கள் நாற்பத்து மூன்று பேர், ஆளுக்குத் தொண்ணூறு நாள் கூடுதல், நாளொன்றுக்கு நூற்றிருபது டாலர்.

செலவு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் மசோதா அவைக்குப் போகாது, நிதிக்குழுவுக்குப் போகும். நிதிக்குழு போன வாரமே கடையைச் சாத்திவிட்டது. இந்தக் கட்டடத்தில் அதை ஐஸ்பெட்டி என்பார்கள். உள்ளே போனது கெடாமல் இருக்கும், ஆனால் யாரும் எடுத்துச் சாப்பிட மாட்டார்கள். இரண்டு மணிக்குச் சட்டக்குழுவில் விசாரணை. மாலை ஐந்துக்குள் அவைக்குப் போகாத மசோதா அதோடு சரி. அடுத்த கூட்டத்தொடர் இரண்டு வருடம் கழித்துத்தான்.

நாற்பத்து மூன்று பேர் இல்லை என்று மார்லாவுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்வதில்தான் சங்கடம்.

போன வருடம் மார்ச்சில் மாவட்ட அரசு வழக்கறிஞரிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ஹால்வெர்ன் நகராட்சி நீச்சல் குளத்தின் மேலாளர், பெண்கள் உடை மாற்றும் அறையின் காற்றுத் துவாரத்துக்குள் ஒன்பது மாதம் காமிரா வைத்திருந்தான். படங்களில் அடையாளம் தெரிந்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஆளுக்கொரு குற்றச்சாட்டு. ‘உங்களுடையது பதினேழாவது’ என்று எழுதியிருந்தார்கள், ரேஷன் வரிசையில் சீட்டுக் கொடுக்கிற மாதிரி. நாற்பத்தொரு தண்டனையையும் ஒன்றாகவே அனுபவிக்கலாம் என்றார் நீதிபதி. அதாவது மொத்தமே அறுபது நாள். அதிலும் நன்னடத்தைக் கழிவு போக நாற்பதாம் நாள் அவன் வெளியே வந்து, மளிகைக் கடையில் அவளுக்கு மூன்று பேர் முன்னால் நின்று ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தான். மார்லா கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து தன் வீட்டுக் குளியலறையிலேயே விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளிக்கிறாள். டேலுக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று ஒரே ஆள். மிச்சம் இரண்டு பேர். ஆக மொத்தம் மூன்று. நீதிமன்றத்தின் கணினி குற்றச்சாட்டை எண்ணிக் கொடுத்திருக்கிறது, சிறைத்துறை அதைத் தலைக்கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே மனிதனை நாற்பத்தொரு கட்டிலில் படுக்க வைத்து, நாற்பத்தொரு தட்டில் சோறு போட்டு, இவ்வளவு செலவாகிறதே என்று மலைத்துப் போயிருக்கிறார்கள். படித்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

மேஜை டிராயரில் மஞ்சள் படிவம் ஒன்று இருந்தது. மசோதாவோடு சொந்தத் தொடர்பு ஏதாவது இருந்தால் அதில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கோப்பை வேறு ஆளிடம் தர வேண்டும் என்பது விதி. மார்லா அதை எடுத்துப் பெயரை எழுதினாள். அப்புறம் யோசித்தாள். வேறு ஆள் யாராக இருந்தாலும் நாற்பத்து மூன்றைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. துறை கொடுத்த எண்ணை வாங்கி ஒட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார். அவள் படிவத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் திருட்டு.

நீதிமன்றப் புள்ளிவிவரப் பிரிவில் வெர்னா என்று ஒரு தோழி இருந்தாள். போனில் மட்டுமே வளர்ந்த சிநேகம்.

“வெர்னா, அந்த நாப்பத்து மூணு இருக்கே, அது ஆளா, குற்றச்சாட்டா?”

“வெள்ளிக்கிழமை காலையில கேக்கற கேள்வியாடி இது? குற்றச்சாட்டுதான். நாங்க எப்பவும் அப்படித்தானே எண்ணுவோம்.”

“வழக்கு எண் வாரியா பிரிச்சு எழுத்துல குடேன். பதினோரு மணிக்குள்ள வேணும்.”

“பதினொண்ணா? அம்மா தாயே, என் மெஷின் உன்னை மாதிரி ஓடாது. சரி, எதை வச்சு உனக்குச் சந்தேகம் வந்துச்சு?”

“எண்ணு பெருசா தெரிஞ்சுது” என்றாள் மார்லா. பொய் இல்லை. ஆனால் உண்மையும் அவ்வளவாக இல்லை.

பதினொன்று தாண்டியும் தாள் வரவில்லை. பதினொன்றரைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது, மசோதாவைக் கொண்டுவந்த ரூத்தான் பீல் நடைபாதையில் வழிமறித்தாள். தாதியாக இருந்து சட்டமன்றத்துக்கு வந்தவள். குரல் மட்டும் இன்னும் வார்டிலேயே இருந்தது.

“மார்லா, எவ்ளோன்னு மட்டும் சொல்லு. ஐம்பதுக்கு மேலயா, கீழயா? கண்ணை மட்டும் சிமிட்டு, போதும்.”

“ஒரு மணிக்குத் தாள் வந்துடும், மேடம்.”

“கல்லு மாதிரி நிக்கறியே! உனக்கெல்லாம் ஊசி போட்டா ஊசிதான் வளையும்.” ரூத்தான் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றுபோயிற்று. “நேத்து ராத்திரி அந்த ஹால்வெர்ன் பொண்ணுங்கள்ல நாலு பேருக்குப் போன் போட்டேன். வந்து பேசுங்கன்னேன். ஒருத்தியும் மாட்டேங்கறா. பேரை வெளிய சொன்னா ஊரே அந்தப் படத்தை மனசுல ஓட்டிப் பாக்கும்னு பயப்படறாங்க. அவங்க மேல தப்பு இல்ல.”

மார்லா தண்ணீரைக் குடித்தாள். தனக்கும் அதே பயம்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. கோப்பையை மறுபடி நிரப்பிக்கொண்டு தன் அறைக்குத் திரும்பினாள்.

பன்னிரண்டே காலுக்கு வெர்னாவின் தாள் வந்தது. இரண்டே கட்டம்: வழக்கு எண், குற்றச்சாட்டுகள். முதல் வழக்கில் நாற்பத்தொன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. மார்லா கணக்கை மாற்றினாள். மூன்று பேர், தொண்ணூறு நாள், நூற்றிருபது டாலர். முப்பத்திரண்டாயிரத்து நானூறு. ஐம்பதுக்குக் கீழே.

அதை எழுதும்போது அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நாற்பத்தொன்று என்பதை அடித்து ஒன்று என்று எழுதுவது அவள்தான். மசோதா பிழைக்க வேண்டுமானால் அந்தப் பெண்கள் எல்லோரும் கணக்கிலிருந்து போய்விட வேண்டும், அவளும் சேர்த்து. எழுதினாள்.

இரண்டாம் பக்கம் வரவு. அபராதம் குற்றச்சாட்டுக்கு ஒன்று என்று விதிக்கப்படுவது. அதனால் அங்கே நாற்பத்து மூன்று நாற்பத்து மூன்றாகவே இருந்தது. கூடுதல் எழுநூறு டாலர் வீதம் முப்பதாயிரத்து நூறு.

அலுவலக இயக்குநர் லோவெல் ட்ரெஸ்கோ எண்களை நம்பாதவர். அவற்றை எழுதினவர்களை அதைவிடவும் நம்பாதவர். இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார்.

“சிறைத்துறைக்காரன் நாலு லட்சங்கறான், நீ முப்பத்திரண்டாயிரங்கற. எப்படிக் கண்டுபிடிச்ச?”

“நீதிமன்றத்துத் தாள் பின்னால இருக்கு.”

“தாள் இருக்கு. அதைக் கேட்டு வாங்கணும்னு உனக்கு எப்படித் தோணிச்சுன்னு கேக்கறேன்.”

“இந்த மாநிலத்துல நாப்பத்து மூணு பேர் அப்படி மாட்டியிருந்தா பேப்பர்ல வந்திருக்குமே.”

லோவெல் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். “ரெண்டு மணிக்கு நீயே போய் உக்காரு. நான் பின்னால இருக்கேன்” என்றார்.

சட்டக்குழுவில் பதின்மூன்று பேர். தலைவர் இங்கல்ட் என்ற வயதான பெண்மணி, பக்கத்திலேயே கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மசோதாவை எதிர்த்தவர்களில் பெரிய வாய் கார்வின் ஹாடிக்ஸ். முப்பது வருடம் பழைய கார் விற்ற நாக்கு. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கீழே குனிந்து என்ஜினைப் பார்க்கிற பார்வையோடு பார்ப்பார். ஆய்வாளர் நாற்காலியில் மார்லா உட்கார்ந்ததும் அவர் முதல் பக்கத்தைப் புரட்டினார், இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

“மிஸ் ஆஸ்ட்பி, முதல் பக்கத்துல மூணு பேருங்கறீங்க. ரெண்டாம் பக்கத்துல நாப்பத்து மூணுங்கறீங்க. நடுவுல நாப்பது எங்க போச்சு? ஸ்டேப்ளர்ல மாட்டிக்கிச்சா?”

குழு சிரித்தது.

“சிறைக்கு ஆள் கணக்கு, சார். அபராதத்துக்குக் குற்றச்சாட்டுக் கணக்கு. ஒரு வழக்குல ஒருத்தர் மேலயே நாப்பத்தொரு குற்றச்சாட்டு.”

“அப்போ ஒரே ஆளு.”

“அந்த வழக்குல ஒரே ஆளு.”

“கேட்டுக்குங்கப்பா.” ஹாடிக்ஸ் மற்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். “காலையிலேர்ந்து ரூத்தான் என்னமோ மாநிலம் முழுக்க எவனும் யாரையும் குளிக்க விடறதில்லங்கற மாதிரி பேசினாங்க. கடைசியில ஒரே ஒரு வீணாப்போனவன், ஒரு காமிரா, நாப்பத்தொரு போட்டோ. அவன் வேலையும் போச்சு, மானமும் போச்சு. நாலு போட்டோவுக்காக ஒரு சட்டத்தையே தூக்கி நிறுத்தணுமா?”

“போட்டோ இல்ல” என்றாள் மார்லா.

யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசையில் லோவெலின் நாற்காலி கிறீச்சிட்டது.

“என்ன இல்ல?”

“போட்டோவுக்கு ஒண்ணு இல்ல, சார். ஆளுக்கு ஒண்ணு. நாப்பத்தொரு பேர்.”

ஹாடிக்ஸ் வெர்னாவின் தாளை உயர்த்திப் பிடித்தார். “இது உங்க குறிப்போட பின்னால இருக்கற தாளு. வழக்கு எண் இருக்கு, குற்றச்சாட்டு எத்தனைன்னு இருக்கு. ஆளுன்னு எங்கம்மா இருக்கு? காட்டுங்க பாப்போம்.”

அது தாளில் இல்லை. ‘தரவில் அந்த விவரம் இல்லை’ என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். பன்னிரண்டு வருடமாக நூறு தடவை சொன்ன வாக்கியம். சொல்லிவிட்டு எழுந்து போகலாம், வேலையும் இருக்கும், பெயரும் பத்திரமாக இருக்கும். ஆனால் ஹாடிக்ஸின் பக்கத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறுக்கு ஆறு என்று ரூத்தான் காலையில் எண்ணி வைத்திருந்த குழு இது, தலைவரின் ஓட்டு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீணாப்போனவன், நாலு போட்டோ. மளிகைக் கடையில் அவன் ரொட்டியை அமுக்கிப் பார்த்து வாங்கினது மார்லாவுக்கு நினைவு வந்தது. பயம்தான் வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்.

“தலைவர் அவர்களே, ஹாடிக்ஸ் சார் சொல்றது சரி. தாள்ல அது இல்ல. ஆனா எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு இந்த நாற்காலியில உக்காந்து சொல்லக் கூடாது.”

அவள் எழுந்தாள். கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கதவருகே பொதுமக்கள் பேசுவதற்கான சீட்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பெயர் எழுதி, ‘ஆதரவு’ என்ற கட்டத்தில் கோடு போட்டாள். அவசரத்தில் கோடு பக்கத்துக் கட்டம் வரைக்கும் போயிற்று. அதனால் இன்னொரு சீட்டை எடுத்து எழுத வேண்டியிருந்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதை நான் ஏத்துக்க முடியாது!” ஹாடிக்ஸ் கத்தினார். “ஆய்வாளரே கட்சி கட்டினா இந்தக் குறிப்புக்கு என்ன மரியாதை? கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்க. சிறைத்துறை கணக்கே செல்லும். நாலரை லட்சம். நிதிக்குழுவுக்கு அனுப்புங்க.”

மார்லா இதை யோசிக்கவில்லை. பேசியே மசோதாவைக் கொன்றுவிட்டோமே என்று தோன்றியது.

தலைவர் பின்வரிசையைப் பார்த்தார். “மிஸ்டர் ட்ரெஸ்கோ, குறிப்பு உங்க அலுவலகத்துது. நிக்குமா, நிக்காதா?”

லோவெல் அவசரப்படவில்லை. நடந்து வந்து மார்லா விட்ட நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையிலிருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“மூணுங்கறது நீதிமன்றத்தோட எண்ணு. என் ஆபீஸ் பூனை கேட்டிருந்தாலும் மூணுன்னுதான் வந்திருக்கும். நான் பார்த்தேன், நான் கையெழுத்துப் போட்டேன். குறிப்பு நிக்கும்.” சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுக்கொண்டார். “எழுதினவங்க காலையிலேயே என்கிட்ட ஒரு விஷயம் சொல்லியிருக்கணும். சொல்லல. இன்னிக்கு சாயங்காலத்துக்கு மேல அவங்க என் ஆபீஸ்ல குறிப்பு எழுத மாட்டாங்க.”

“குறிப்பு நிற்கிறது” என்றார் தலைவர். “அடுத்த சீட்டு. பேரைச் சொல்லுங்க.”

“மார்லா ஆஸ்ட்பி.”

“யார் சார்பா வந்திருக்கீங்க?”

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். வங்கிச் சங்கம், காவலர் சங்கம், மாட்டுப்பண்ணைக்காரர்கள் என்று இதற்குப் பதில் சொல்வார்கள். மார்லா பொதுமக்கள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என் சார்பாத்தான்.”

ஹாடிக்ஸுக்கு இன்னும் புரியவில்லை, அல்லது புரிந்து, அதை நம்ப மனம் வரவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“என்னம்மா சொல்றீங்க? நாங்க இங்க எண்ணைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். நீங்க இதுல எங்க வர்றீங்க?”

“ரெண்டாம் பக்கத்தைத் திருப்புங்க, சார்.”

அவர் திருப்பினார். பதின்மூன்று பேரும் திருப்பினார்கள்.

“முதல் பக்கத்துல நான் இல்ல. அங்க அவன் மட்டும்தான் இருக்கான். நாள் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் அவனுக்குத்தான்.” அவள் ஹாடிக்ஸ் கையிலிருந்த தாளைக் காட்டினாள். “ரெண்டாம் பக்கத்துல நாப்பத்து மூணுன்னு போட்டிருக்கில்ல, அதுல பதினேழாவது நான். ஒவ்வொருத்திக்கும் முந்நூறு டாலர் போன வருஷமே உங்க கஜானாவுக்கு வந்தாச்சு. எங்களால இந்த மாநிலத்துக்கு ஒரு காசு செலவு இல்ல, சார். நாங்க வரவு.”

கேள்வி வேறு யாருக்காவது இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். ஒருவருக்கும் இல்லை. எழுத்தர் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். ஹாடிக்ஸ் தன் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு “எதிர்ப்பு” என்றார், பாதிப் பேருக்குக் கேட்காத குரலில். ஆறுக்கு ஆறு வந்து நின்றது. இங்கல்ட் இரண்டாம் பக்கத்தை இன்னும் மூடாமல் வைத்திருந்தார். அதைப் பார்த்தபடியே “ஆதரவு” என்றார்.